முறைப்பெயர் உணர்த்தும் குடும்ப நெறி

குடும்பம் என்பது யாது, அஃது எவ்வாறு அமைகின்றது, எவ்வாறு நிலைபெறுகின்றது என்னும் வினாக்களுக்கு அறநூலாரும் சட்டநூலாரும் சமூகவியலாரும் வெவ்வேறு வகையில் விடை கூறுவர். தமிழ் கற்பிப்பதைத் தொழிலாகக் கொண்ட எனக்கு அவ்விடையைத் தேடுதற்கு வாய்ப்பான இடம் மொழியே. ஒரு மக்கட்கூட்டம் தன் உறவினரை எப்பெயர்களால் அழைக்கின்றது என்பதை ஆராயின், அது குடும்பத்தை எவ்வாறு கட்டி வைத்திருக்கின்றது என்பதும் ஒருவாறு புலனாகும். கல்லூரி அன்னையின் பிள்ளைகள் பல திசைகளிலிருந்தும் ஒன்றுகூடும் இவ்விழாக் காலத்தில், யாழ்ப்பாணத்தில் வழங்கும் உறவுப்பெயர்களை முன்வைத்துக் குடும்ப நெறியைச் சிறிது ஆராய்தல் பொருத்தமுடைத்து எனக் கருதி இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

இவ்வாராய்ச்சிக்கு என்னைத் தூண்டியது ஒரு சிறு நிகழ்ச்சி. சில ஆண்டுகளுக்கு முன் ஏழாம் வகுப்பு மாணவர்க்குக் குடும்ப விவரப் படிவம் ஒன்றைக் கொடுத்து நிரப்புவித்தேன். பாதுகாவலர் பெயருக்கு எதிரே 'உறவு முறை' என்றொரு நிரல் இருந்தது. ஒரு மாணவன் அதில் 'அம்மா' என்று எழுதியிருந்தான். தாயின் பெயர் வேறாகவும் பாதுகாவலர் பெயர் வேறாகவும் இருத்தலைக் கண்ட நான், அவன் கவனக்குறைவாற் பிழை செய்தான் என எண்ணி, அச்சொல்லைச் சிவப்பு மையால் வெட்டி, "யார் என்று சரியாக எழுது" எனக் கூறித் திருப்பிக் கொடுத்தேன். அவன் ஒன்றும் பேசாமல் 'பெரியம்மா' என்று எழுதித் தந்தான். அவன் கைக்குழந்தையாயிருந்தபோதே பெற்ற தாயைப் போரில் இழந்தவன் என்பதையும், தாயின் மூத்த சகோதரியே அவனை எடுத்து வளர்த்தவர் என்பதையும் பின்னரே அறிந்தேன். இலக்கணம் கற்பிக்கும் நான் அன்று வெட்டிய சொல் பிழையான சொல் அன்று. அஃது ஏன் பிழையன்று என்பதைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முறை என்னும் சொல்

உறவைக் குறிக்கும் பெயர்களைத் தொல்காப்பியம் முறைப்பெயர் என வழங்கும். சொல்லதிகாரத்து விளிமரபிலே, இப்பெயர்கள் ஏகாரம் பெற்று விளியேற்கும் என்பது கூறப்படுகின்றது. மகன் என்பது மகனே எனவும், மருமகன் என்பது மருமகனே எனவும் வருதல் காண்க. அன்றியும், பெயரியலிலே முறைப்பெயரை உயர்திணைக்கும் அஃறிணைக்கும் பொதுவாய் வரும் பெயர்களுள் ஒன்றாக ஆசிரியர் வைத்தார். தாய் வந்தாள், தாய் வந்தது என இரண்டும் வழுவின்றி நிற்கும். பெற்றுக் காக்கும் உறவு மக்களுக்கு மாத்திரம் உரியதன்று என்னும் உண்மை இவ்விலக்கணத்துள் அடங்கியிருத்தல் நோக்கத்தக்கது.

இனி, முறை என்னும் சொல்லின் பொருளை நோக்குவாம். ஒழுங்கு என்பதும், நீதி என்பதும், உறவு என்பதும் அதன் பொருள்கள். "இவர் உமக்கு என்ன முறை?" என வினவும்போது உறவைக் கேட்கின்றோம். "முறை தவறி நடந்தான்" என்னும்போது ஒழுக்கத்தைச் சொல்கின்றோம். தோட்டக்காரர் பலர் பங்காக வைத்திருக்கும் கிணற்றிலே, "இன்று அவருடைய முறை, நாளை என்னுடைய முறை" என இறைப்புக்கு நாள் வகுத்துக் கொள்ளும்போது, ஒருவர்க்குரிய தவணையைக் குறிக்கின்றோம். இம்மூன்று பொருளும் ஒரு சொல்லின்கண் நிற்றல் நமக்கு ஒன்றை உணர்த்துகின்றது. உறவு என்பது இரத்தத்தாற் கிடைப்பது மாத்திரம் அன்று; ஒழுங்காகச் செய்யப்படுவது; தன் தவணை வரும்போது தட்டாமற் செய்யப்படுவது. தன் முறைநாளில் இறைக்காதவனுடைய பயிர் வாடும். பிறன் முறைநாளில் இறைப்பவனாற் சண்டை மூளும். குடும்பத்தின் நிலையும் இதுவே.

உடையவர் இன்றி உறவு இல்லை

பழந்தமிழிலே முறைப்பெயர்கள் பெரும்பாலும் தனித்து நில்லா. யார்க்கு உறவு என்பதையும் தம்முள் அடக்கியே அவை நிற்கும். யாய் என்றால் என் தாய்; ஞாய் என்றால் உன் தாய்; தாய் என்றால் அவன் தாய். அவ்வாறே எந்தை, நுந்தை, தந்தை எனவும், எம்பி, நும்பி, தம்பி எனவும், எங்கை, நுங்கை, தங்கை எனவும் மூவிடத்துக்கும் மூன்று வடிவங்கள் வழங்கின. தமையன், தமக்கை என்பவற்றிலும் தம் என்பது முன்னே நிற்றல் வெளிப்படை. இன்று தாய், தந்தை, தம்பி, தங்கை என்பன பொதுப்பெயர்கள் போல வழங்கினும், அவற்றின் உள்ளே 'அவர்க்குரிய' என்னும் பொருள் இன்னும் மறைந்து கிடக்கின்றது.

இவ்வமைப்பு முற்றாக அழிந்துவிடவில்லை. யாழ்ப்பாணத்துப் பேச்சு வழக்கிலே முதியோர் இளையோரைப் பார்த்து, "கொம்மா எங்கே? கொப்பர் வந்திட்டாரோ? கொண்ணன் என்ன செய்யிறான்?" என்று கேட்பர். உங்கள் என்னும் சொல் குறுகி முறைப்பெயரோடு ஒட்டிய வடிவங்களே இவை எனக் கொள்ளத்தகும். இவை படிப்பில்லாதார் பேச்சு எனச் சிலர் பிள்ளைகளைக் கடிவதுண்டு. அடுத்தவரை இழித்துப் பேசும்போதும் இவ்வடிவங்கள் வருதலின் அவ்வெண்ணம் எழுந்தது போலும். ஆயினும், யாய், ஞாய், தாய் என்று பகுத்த பழைய மனப்பாங்கே கொம்மா என்னும் சொல்லிலும் தொடர்கின்றது என்பதை மாணவர் அறிதல் வேண்டும்.

இதனாற் பெறப்படுவது யாது? தாய்மை என்பது ஒருத்தியின் தனிக்குணம் அன்று. அஃது ஒருத்திக்கும் ஒரு பிள்ளைக்கும் இடையிலே உள்ளது. பிள்ளை இன்றித் தாய் இல்லை. தம்பி இன்றித் தமையன் இல்லை. எந்த முறைப்பெயரைச் சொன்னாலும் இருவரைச் சொல்கின்றோம். ஆகவே குடும்பத்தை ஆராய்வோர் தனித்தனி மனிதரை எண்ணுவதை விட்டு, இருவர்க்கிடையே உள்ள இழைகளை எண்ணுதல் வேண்டும். ஐவர் உள்ள வீட்டில் இருவர் இருவராகச் சேர்த்து எண்ணினால் இழைகள் பத்து. அவற்றுள் ஒன்று அறுந்தாலும் மற்றையவை அதன் பாரத்தைத் தாங்க வேண்டியிருக்கும்.

பெரியம்மாவும் அம்மானும்

தமிழர் உறவுப்பெயர்களின் தனிச்சிறப்பு, தாய் தந்தையரின் உடன்பிறந்தாரை இரு கூறாகப் பகுத்தலாகும். தாயின் சகோதரிகளும் தந்தையின் சகோதரர்களும் ஒரு கூறு. தாயின் சகோதரியைப் பெரியம்மா, சின்னம்மா, குஞ்சியம்மா, ஆசையம்மா எனவும், தந்தையின் சகோதரனைப் பெரியப்பா, சித்தப்பா, சின்னையா, குஞ்சியப்பு எனவும் அழைக்கின்றோம். மூத்தவர், இளையவர், அன்புக்குரியவர் என அடைமொழிகள் வேறுபடினும், அடைமொழிக்குப் பின்னே நிற்பது தாயையோ தந்தையையோ குறிக்கும் சொல்லே. இவர்களுடைய பிள்ளைகள் நமக்கு அண்ணன், அக்கா, தம்பி, தங்கை ஆவர்.

தாயின் சகோதரனும் தந்தையின் சகோதரியும் மற்றைய கூறு. இவர்கள் அம்மானும் மாமியும் ஆவர். இவர்களுடைய பிள்ளைகள் மச்சானும் மச்சாளும் ஆவர். ஆங்கிலத்தில் அங்கிள் என்னும் ஒரு சொல் பெரியப்பா, சித்தப்பா, அம்மான் ஆகிய எல்லாரையும் ஒன்றாக்கிவிடுகின்றது. கசின் என்னும் சொல் தம்பியையும் மச்சாளையும் ஒன்றாக்கிவிடுகின்றது. அவ்வழக்கு அம்மொழியாரின் குடும்ப அமைப்புக்கு இசைந்தது. அதனைக் குறைகூறுதல் வேண்டா. அதனை இரவல் வாங்குவோர் எதனை இழக்கின்றனர் என்பதையே இங்கு எண்ணுகின்றோம்.

இப்பகுப்பு மேனாட்டு அறிஞரையும் கவர்ந்தது. லூயிஸ் ஹென்றி மோர்கன் என்னும் அமெரிக்க அறிஞர் 1871 இல் வெளியிட்ட பெருநூலில், உலக மக்கள் பலரின் உறவுப்பெயர்களைத் திரட்டி ஆராய்ந்தார். அமெரிக்காவின் பழங்குடியினராகிய இரோகுவா மக்களின் உறவுப்பெயர்களோடு தமிழர் உறவுப்பெயர்கள் பெரிதும் ஒத்திருத்தல் கண்டு அவர் வியந்தார். பிரெஞ்சு அறிஞர் லூயி துய்மோன் 1953 இல் எழுதிய கட்டுரையிலே, இப்பகுப்பின் அடியில் உள்ளது மணத்தொடர்பே என விளக்கினார். ஒரு கூறு நம்மோடு உடன்பிறந்த கூறு. மற்றையது நம் குடும்பத்தோடு பெண் கொடுத்தும் கொண்டும் தொடர்பு பூணும் கூறு.

மச்சாளை மணத்தல் முறை என்று கருதப்பட்டமையால், மனைவியின் தந்தையும் மாமா என்றே அழைக்கப்படுகின்றார். கணவனின் தாயும் மாமி என்றே அழைக்கப்படுகின்றார். அயலூரில் மணஞ்செய்தாலும் இப்பெயர்களே வழங்கும். அதாவது, மணத்தால் வந்தவரைச் சட்டத்தால் வந்த உறவினர் என்று ஒதுக்காமல், முன்னரே உள்ள ஓர் உறவிடத்தில் அமர்த்திக் கொள்ளுகின்றோம். புதிதாய் வந்த மருமகளுக்கு முதல் நாளே ஓர் இடமும் ஒரு பெயரும் ஆயத்தமாய் இருக்கின்றன. நெருங்கிய இரத்த உறவினுள் தலைமுறை தலைமுறையாக மணஞ்செய்யின் சில பரம்பரை நோய்கள் பிள்ளைகளுக்கு வரும் வாய்ப்பு மிகும் என மருத்துவ அறிவியல் கூறுதலின், அவ்வழக்கம் குறைந்து வருதல் நன்றே. மணவழக்கம் குறையினும் பெயர் அளித்த அரவணைப்புக் குறையவேண்டியதில்லை.

பெயருக்கு எதிர்ப்பெயர்

ஒவ்வொரு முறைப்பெயருக்கும் மறுமுனையில் ஒரு பெயர் உண்டு. அம்மானுக்கு மருமகன், பெரியம்மாவுக்குப் பெறாமகன். பெறாமகன், பெறாமகள் என்பன நம் ஊர் வழக்கில் உள்ள அரிய சொற்கள். ஓர் ஆணுக்கு அவனுடைய சகோதரனின் பிள்ளையும், ஒரு பெண்ணுக்கு அவளுடைய சகோதரியின் பிள்ளையும் இப்பெயர் பெறுவர். பெறவில்லை என்பதைச் சொல் மறைக்கவில்லை. ஆயினும் மகன் என்பதையும் அது விடவில்லை. உண்மையும் அன்பும் ஒரு சொல்லுள் இவ்வாறு ஒருங்கே நிற்றல் அரிது.

இன்னும் ஒன்று. யாழ்ப்பாணத்தில் பேரன் என்னும் சொல் பிள்ளையின் மகனைக் குறிப்பதோடு, தாய் தந்தையரின் தந்தையையும் குறிக்கும். பாட்டனின் பெயரைச் சூடியவன் பெயரன் ஆதலின், இருவரும் ஒரு பெயராற் கட்டுண்டனர். அவர்க்கு முந்திய தலைமுறையினர் பூட்டனும் பூட்டியும் ஆவர். முதியவரையும் குழந்தையையும் ஒரே சொல்லால் அழைக்கும் வழக்கு, வீட்டிலே அவ்விருவர்க்கும் இடையே உள்ள நெருக்கத்துக்குத் தக்கதோர் அடையாளம்.

இப்பெயர்களோடு கடமைகளும் பிணைந்தன. பிள்ளைக்குக் காது குத்தும் நாளிலும் பெண்பிள்ளையின் சாமத்தியச் சடங்கிலும் அம்மானுக்கு முதன்மை உண்டு. மணப்பந்தலிலே மணமகளின் சகோதரன் தோழனாகவும், மணமகனின் சகோதரி தோழியாகவும் நிற்பர். இழவு வீட்டிலே பேரப்பிள்ளைகள் பந்தம் பிடிப்பர். அவ்வீட்டில் அடுப்பு எரியாத நாள்களில் உறவினர் உணவு சமைத்துக் கொண்டுவருவர். இவற்றை வெறும் சடங்கு என்று தள்ளிவிடுதல் எளிது. ஆயினும் இவற்றின் பயன் வேறிடத்தில் உள்ளது. இன்ன நாளில் இன்னார் வந்தே தீரவேண்டும் என்னும் ஏற்பாடு இருத்தலால், மனவேறுபாடு கொண்ட சகோதரனும் அக்காவின் மகளுடைய சடங்குக்கு வருகின்றான். வந்தவன் தண்ணீர் வார்க்கின்றான், வார்த்தவன் உண்கின்றான், உண்டவன் பேசுகின்றான். பல ஆண்டுப் பகை ஒரு பகற்பொழுதில் தளர்தலை நம்முட் பலர் கண்டிருப்போம். அன்பு மிகுந்தபோது மாத்திரம் கடமை செய்வது என்றிருந்தால் அன்பு குறைந்த காலத்திலே குடும்பம் உடைந்துவிடும். அத்தகைய காலத்தில் குடும்பத்தைத் தாங்குவது கடமையே.

வளவும் வழமையும்

பெயரும் சடங்கும் மாத்திரம் இவ்வுறவைக் காத்தன எனல் முழு உண்மையன்று. நிலமும் காத்தது. யாழ்ப்பாணத்தாரின் வழக்கங்களை ஒல்லாந்த ஆட்சியின்போது திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் திரட்டி, 1707 இல் ஒப்படைத்தார். அது தமிழில் மொழிபெயர்க்கப்பட்டுப் பன்னிரு முதலிமார்க்குக் காட்டப்பட்டு அவர்தம் உடன்பாடு பெற்றது. ஆங்கிலேயர் காலத்தில், 1806 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரமாணத்தால் அது சட்டமாயிற்று. அதுவே தேசவழமை.

தேசவழமை குடும்பச் சொத்தை மூவகையாகப் பகுத்தது. தந்தை வழி வந்தது முதுசம். மகளுக்கு மணத்தின்போது கொடுக்கப்பட்டது சீதனம். கணவனும் மனைவியும் வாழ்ந்த காலத்தில் ஈட்டியது தேடியதேட்டம். முற்கால வழக்கின்படி முதுசம் ஆண்மக்களையும், சீதனம் பெண்மக்களையும் சார்ந்தன. தேடியதேட்டம் இருபாலார்க்கும் உரியதாயிற்று. ஆண்மக்கள் மணமாகு முன் ஈட்டிய பொருள் குடும்பப் பொதுவிற் சேர்ந்தது. தாய் இறந்தபின் தந்தை மறுமணம் செய்ய விரும்பின், தாயைப் பெற்றோரோ அவள் வழி நெருங்கிய உறவினரோ பிள்ளையை ஏற்று வளர்ப்பதும், தாய் கொண்டுவந்த சொத்து முழுவதையும் தேடியதேட்டத்திற் பாதியையும் தந்தை அப்பிள்ளைக்காக ஒப்படைப்பதும் வழக்கமாயிருந்தன. தாயற்ற பிள்ளையை யார் வளர்ப்பது, எதைக் கொண்டு வளர்ப்பது என்னும் இரண்டு வினாக்களுக்கும் முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே விடை வகுத்திருந்தனர்.

மகளுக்கு வீடும் வளவும் சீதனமாகக் கொடுத்தலும், மணமக்கள் அங்கேயே வாழ்தலும் பெருவழக்கு. பெற்றோர் தம் வளவைப் பிரித்துப் பெண்மக்களுக்குக் கொடுத்த இடங்களில், அக்காவும் தங்கையும் அடுத்தடுத்த வளவுகளிற் குடியிருந்தனர். இடையிலே ஒரு கிடுகு வேலி. வேலியில் ஒரு பொட்டு. இருவர்க்கும் பொதுவாக ஒரு கிணறு. பெரியம்மா வீடு கூப்பிடு தூரத்தில் இருந்தது. பிள்ளை ஒரு வீட்டில் உண்டு மறுவீட்டில் உறங்கியது. சின்னம்மா, பெரியம்மா என்னும் சொற்களில் அம்மா என்பது வெறும் மரியாதையாக நில்லாமல் உண்மையானமைக்கு அந்த வேலிப் பொட்டும் ஒரு காரணமாம்.

முறையின் குறைகள்

நல்லதைக் கூறும்போது அல்லதை மறைத்தல் ஆசிரியர்க்கு அழகன்று. மகளுக்குக் காப்பாக எழுந்த சீதனம், காலப்போக்கில் மணமகனுக்குக் கூறும் விலையாயிற்று. தங்கையரைக் கரைசேர்க்கும் பொருட்டுத் தலைநரைக்கும் வரை மணமின்றி உழைத்த தமையன்மாரையும், சீதனம் பொருந்தாமையால் வீட்டோடு முதிர்ந்த பெண்களையும் அறியாத ஊர் இல்லை. மனைவியின் பெயரிலே சொத்து இருந்தும், கணவனின் எழுத்துமூலச் சம்மதம் இன்றி அவள் தன் நிலத்தைக் கைமாற்றல் ஆகாது என 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாண மணவுரிமை, மரபுரிமைச் சட்டமும் விதித்தது. பொருள் இவளது, அதிகாரம் அவனது என்னும் ஏற்பாடு உறவை வலுப்படுத்தாது.

அன்றியும், முறைசொல்லி அழைக்கும் பண்பை நம் முன்னோர் எல்லார்க்கும் வழங்கினாரல்லர். வீட்டுக்கு உழைத்த முதியவரைச் சிறு பிள்ளை பெயர்சொல்லி அழைத்ததும், அம்முதியவர் அச்சிறுவனை மரியாதை மொழியால் அழைத்ததும் நம் சாதி வழக்கின் வடுக்கள். அப்பு, ஆச்சி என்னும் இனிய சொற்கள் வேலியோடு நின்றுவிட்டன. முறை என்பதற்கு நீதி என்றும் பொருள் உண்டென மேலே கூறினோம். அந்நீதி இல்லாதவிடத்து மற்றைய முறைகள் யாவும் குறையுடையனவே.

வேலிச் சண்டையும் நம் குடும்பங்களின் பெருநோய். ஒரு முழ நிலத்துக்காக அண்ணனும் தம்பியும் நீதிமன்றப் படியேறி, வழக்குச் செலவிலே அந்நிலத்தின் பெறுமதியையும் கடந்த கதைகள் பல. பெற்றோர் தாம் உயிரோடிருக்கும்போதே பிள்ளைகளை ஒருங்கே இருத்தி, எல்லையும் வழியும் கிணற்றுப் பங்கும் தெளிவுற உறுதி முடித்திருந்தால் அவற்றுட் பல எழுந்திரா.

சிதறலும் சுருக்கமும்

1983 யூலைக்குப் பின் வெளிநாடு சென்றோர் பெருகினர். 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமத்து மக்கள் பல இலட்சம் பேர் நாவற்குழி வழியாகத் தென்மராட்சிக்குப் பெயர்ந்தனர். 2009 மே மாதத்திற் போர் முடிந்தபோது, முழுமையாக எஞ்சிய குடும்பங்கள் வன்னியிற் சிலவே. இவ்விடர்களின்போது முறைப்பெயர்கள் சோதிக்கப்பட்டன. இடம்பெயர்ந்தோர் படலையைத் தட்டிய வீடுகளில், "நீங்கள் இன்னாருக்கு என்ன முறை?" என்ற வினாவோடு கதவு திறந்தது. கண்டறியாத மச்சாள் அடுப்படியில் இடங் கொடுத்தாள். தாயை இழந்த பிள்ளைகளைச் சின்னம்மாவும் பெரியம்மாவும் அம்மம்மாவும் எடுத்து வளர்த்தனர். எவரும் அவர்க்குக் கட்டளையிடவில்லை. அவர்கள் அப்பிள்ளைகளால் ஏற்கெனவே அம்மா என்று அழைக்கப்பட்டவர்கள்.

இன்று வேறொரு சோதனை வந்துள்ளது. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் மாத்திரமன்றி நம் ஊரிலும் பிள்ளைகளின் தொகை குறைந்து வருகின்றது. வறுமையும் வசதியும் கல்விச் செலவும் இதற்குக் காரணங்களாம்; பெற்றோரைக் குறைகூற நான் முன்வரேன். ஆயினும் ஒரு கணக்கை எண்ணிப் பார்க்க. எல்லா வீட்டிலும் ஒரு பிள்ளையே எனின், அப்பிள்ளைக்கு அண்ணன், அக்கா, தம்பி, தங்கை இல்லை. அப்பிள்ளையும் தன்னைப் போன்ற மற்றோர் ஒற்றைப் பிள்ளையும் மணந்து பெறும் பிள்ளைக்குப் பெரியப்பா, சித்தப்பா, பெரியம்மா, சின்னம்மா, அம்மான், மாமி எவரும் இல்லை. ஆதலின் மச்சானும் மச்சாளும் இல்லை. இரண்டே தலைமுறையிற் பத்துக்கு மேற்பட்ட முறைப்பெயர்கள் அகராதியில் மாத்திரம் வாழும் சொற்கள் ஆகிவிடும். தாய்க்கு நோய் வந்தால் அப்பிள்ளையை ஏந்துவதற்கு வேலிக்கு அப்பால் ஒருவரும் இரார்.

செய்யத்தக்கன

ஆதலின் நாம் செய்யத்தக்கவற்றைச் சுருங்கக் கூறுதும்.

முதலாவது, பிள்ளைகள் உறவினரை முறைசொல்லி அழைக்கப் பழகுதல் வேண்டும். எல்லாரையும் அன்ரி, அங்கிள் எனல் எளிதே. ஆயினும் "இவர் உனக்குச் சித்தப்பா" என ஒருமுறை விளக்கினால், அப்பிள்ளைக்கு ஒரு தந்தை கூடுகின்றார். அவருக்கும் ஒரு பொறுப்புக் கூடுகின்றது.

இரண்டாவது, ஒவ்வொரு முறைப்பெயருக்கும் ஒரு சிறு வேலை கொடுத்தல் வேண்டும். வெளிநாட்டிலுள்ள அம்மான் பணம் அனுப்புவதோடு நில்லாது, கிழமைக்கொரு நாள் தொலைபேசியில் மருமகனின் கணக்குப் பாடத்தைக் கேட்கலாம். பேரப்பிள்ளைகள் பூட்டியின் கதையை எழுதிக்கொள்ளலாம். கடன் கொடாத உறவினும் வேலை கொடாத உறவே விரைவில் வற்றும்.

மூன்றாவது, சொத்துப் பற்றிய பேச்சை இழவு வீட்டுக்கு ஒத்திவைத்தல் ஆகாது. ஆண், பெண் என்ற வேறுபாடின்றி, எல்லாரும் அறியத் தெளிவாகப் பகுத்தல் வேண்டும்.

நான்காவது, உடன்பிறந்தார் இல்லாத பிள்ளைகள் பெருகும் இக்காலத்தில், முறைப்பெயரின் வேலியை அகலத் திறத்தல் வேண்டும். தந்தையின் கல்லூரித் தோழன் பிள்ளைக்குச் சித்தப்பா ஆகலாம். அயலில் தனித்து வாழும் முதியவள், எக்குலத்தவளாயினும், ஆச்சி ஆகலாம். ஆனால் பெயரைக் கொடுப்போர் அப்பெயருக்குரிய தொழிலையும் ஏற்றல் வேண்டும். பழைய மாணவர் சங்கம் என்பதும் இத்தகையதொரு குடும்பமே. ஒரே தாயிடம் பயின்றோர் சகோதரர் எனின், தந்தையை இழந்த இன்றைய மாணவன் ஒருவனுக்கு நம்முள் யார் பெரியப்பா என்பது கேட்கத்தக்க வினா.

மாணவர்க்கு ஒரு பயிற்சி. ஒரு தாளின் நடுவில் உங்கள் பெயரை எழுதுக. சுற்றிலும் உங்களுக்கு முறையாவோர் அனைவரையும் முறைப்பெயரோடு எழுதுக. ஒவ்வொருவர்க்கும் நீங்கள் என்ன முறை என்பதையும் எதிரே குறிக்க. கடந்த ஓராண்டில் அவர் உங்களுக்குச் செய்தது ஒன்றும், நீங்கள் அவர்க்குச் செய்தது ஒன்றும் எழுதுக. எழுத ஒன்றும் இல்லாத இடத்தில் ஒரு கோடிடுக. அக்கோடுகளே உங்கள் குடும்பத்தில் நீர் பாயாத பாத்திகள்.

முன்னர்க் கூறிய மாணவனுக்கு அடுத்த ஆண்டும் நானே வகுப்பாசிரியனாய் அமைந்தேன். படிவம் மீண்டும் வந்தபோது அவனை அருகழைத்து, சென்ற ஆண்டு நான் செய்தது பிழை எனச் சொல்லி, "உனக்குச் சரியென்று படுவதை எழுது" என்றேன். அவன் சிறிது நேரம் யோசித்து, உறவு முறை என்னும் நிரலில் 'அம்மா' என்று எழுதினான்; பின் அலுவலகத்தில் யாருக்கும் இடர் நேரக்கூடாது என எண்ணினான் போலும், அதன் கீழே சிறிய எழுத்தில் 'பெரியம்மா' என்றும் எழுதினான். இரண்டும் சரியே எனக் கூறிக் கையொப்பமிட்டேன்.